ஒரு படம், இரண்டு இயக்குநர்கள்: தாவியானி சகோதரர்கள்

கேள்வி இதுதான்: இத்தாலியில் கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து படம் இயக்கும் வழக்கம் இருக்கிறதாமே, அவர்கள் யார் யார்? ஒரு படத்துக்கு இரண்டு இயக்குநர்கள் என்றால் செட்டில் யார் சொல்வதை யார் கேட்பது?

முதல் பாதிக்குப் பதில் சுலபம். பாவ்லோ, வித்தோரியோ தாவியானி. மார்க்கோ, அந்தோனியோ மனெத்தி. இரட்டையர்களான ஃபாபியோ, தமியானோ தின்னோசென்ஸோ. இன்னும் இரண்டு இரட்டையர் ஜோடிகள் உண்டு: ஃப்ளோரன்ஸைச் சேர்ந்த அந்திரேயா, அந்தோனியோ ஃப்ராஸி, தூரின் நகரத்து ஜான்லூக்கா, மஸ்ஸிமிலியானோ தெ செரியோ. இரண்டாம் பாதிக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்குத் தாவியானிகளை விட்டால் வேறு வழியில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் சேர்ந்தே படம் எடுத்தவர்கள் அவர்கள். மற்றவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் வித்தோரியோ 1929இலும் தம்பி பாவ்லோ 1931இலும் பிறந்தார்கள். ஊர் சான் மினியாத்தோ. தொஸ்கானா மாநிலத்தில், பீஸாவுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் நடுவே மலைமேல் இருக்கும் சின்ன ஊர். அப்பா வக்கீல், பாசிசத்தை எதிர்த்தவர். 1944 கோடையில் நேச நாட்டுப் படைகள் தெற்கிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தன. பின்வாங்கிய ஜெர்மானியர் ஊரின் வீடுகளுக்கு வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜூலை 22ஆம் தேதி பேராலயத்துக்குள் கூட்டப்பட்டிருந்த மக்கள் நடுவே குண்டு வெடித்து 55 பேர் செத்தார்கள். அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது, தம்பிக்குப் பன்னிரண்டு. இந்தக் கோடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எடுத்த முதல் படமும் எடுத்ததிலேயே பெரிய படமும் இதைப் பற்றித்தான்.

போர் முடிந்ததும் பீஸாவில் படித்தார்கள். ஒருநாள் அங்கே ஒரு தியேட்டரில் இயக்குநர் ரொசெலினியின் போர்ப் படமான ‘பைஸா’ ஓடிக்கொண்டிருந்தது. தாங்கள் கண்ணால் பார்த்த போர், ஓரிரு வருடத்துக்குள் திரையில்! தங்களுக்கு நடந்தது என்னவென்று தங்களுக்கே புரியவைக்கிற சக்தி இதற்கு இருக்கிறது என்றால் நாமும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று அன்றே முடிவெடுத்ததாக, பின்னால் பேட்டிக்குப் பேட்டி இருவரும் சொன்னார்கள். வித்தோரியோ சட்டமும் பாவ்லோ இலக்கியமும் படிக்கப் போனாலும் மனசு அந்தத் தியேட்டரிலேயே நின்றுவிட்டது.

முதலில் அவர்கள் இருவரல்ல, மூவர். நண்பர் வலெந்தீனோ ஓர்சீனியும் கூட இருந்தார். 1954இல் திரைக்கதாசிரியர் செசாரே ஸவத்தீனியின் உதவியோடு, தங்கள் ஊர்ப் படுகொலையைப் பற்றி ‘சான் மினியாத்தோ, ஜூலை 44’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார்கள். 1962இல் முதல் கதைப்படம், ‘எரிக்கப்பட வேண்டிய மனிதன்’. 1955இல் சிசிலியில் மாஃபியா கொன்ற சல்வத்தோரே கர்னெவாலே என்ற தொழிற்சங்கக்காரரின் வாழ்க்கையை ஒட்டியது; ஜான் மரியா வொலொந்தே நடித்தார். அடுத்த வருடம் இன்னொரு படம். அதன்பிறகு ஓர்சீனி தன் வழியில் போனார், மிச்சமிருந்தது அண்ணனும் தம்பியும்.

சரி, செட்டில் என்ன நடந்தது? ஒருவர் நடிகர்களைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் கேமராவைப் பார்த்துக்கொள்வார் என்றுதான் நாம் நினைப்போம். தாவியானிகள் அப்படிப் பாகம் பிரிக்கவில்லை. ஒரு காட்சியை ஒருவர் முழுசாக இயக்குவார்: நடிகர், கேமரா, எல்லாமே அவர் பொறுப்பு. மற்றவர் பக்கத்தில் நின்று பார்ப்பார், வாய் திறக்க மாட்டார். அடுத்த காட்சிக்குக் கை மாறும். முன்பு இயக்கியவர் இப்போது பேசாமல் நிற்பார். 1974இல் ‘அல்லொன்ஸான்ஃபான்’ படத்தில் நடித்த மாஸ்த்ரொயான்னி இரண்டு பெயரையும் ஒட்டி ‘பாவ்லோவித்தோரியோ’ என்று ஒரே ஆளாகக் கூப்பிட்டாராம். எந்தக் காட்சியை யார் எடுத்தது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க நானும் முயன்றிருக்கிறேன். தையல் எங்கே என்று தெரியவே இல்லை.

இது சாத்தியமானதற்குக் காரணம் செட்டில் இல்லை, எழுதும் மேசையில் இருக்கிறது. திரைக்கதையை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். சண்டை போட வேண்டியதை எல்லாம் அங்கேயே போட்டு முடித்துவிட்டுத்தான் ஷூட்டிங்குக்குப் போவது. அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருப்பதாக நான் நம்புகிறேன். ஒரு காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு பேர் ஒத்துப்போக, இருவர் மனதிலும் ஒரே படம் முன்னாடியே இருக்க வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கு அது கிடைக்கிறது. ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே பயம். அந்த 1944 கோடையை ஒருவர் மற்றவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் எடுத்த படங்களில் அரசியல்தான் முன்னால் நிற்கிறது. ‘சுவ்வெர்சீவி’ 1964இல் நடந்த கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தியின் இறுதி ஊர்வலத்தைச் சுற்றி நடக்கும் கதை. பின்னால் பெரிய பாடகராகப் பேர் வாங்கிய லூச்சோ தல்லா அதில் நடித்திருக்கிறார். ‘சான் மிக்கேலே அவேவா உன் கல்லோ’ தோல்ஸ்தோய் கதையிலிருந்து வந்தது. சிறையில் பத்து வருடம் தனிமையில் கிடந்து, கற்பனையாலேயே மனம் பேதலிக்காமல் பார்த்துக்கொண்ட ஒரு புரட்சிக்காரன், வெளியுலகம் தன்னைக் கடந்து போய்விட்டதைக் கடைசியில் தெரிந்துகொள்கிறான். எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் இதிலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டேன்.

உலகம் அவர்களைக் கவனித்தது 1977இல், ‘பாத்ரே பத்ரோனே’ வந்தபோது. ‘அப்பன்தான் ஆண்டை’ என்று பெயரைத் தமிழாக்கலாம். சார்தீனியாத் தீவின் சிலிகோ ஊரைச் சேர்ந்த கவினோ லெத்தா எழுதிய சுயசரிதைதான் மூலம். ஆறு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆடு மேய்க்க இழுத்துப்போகப்பட்டு, இருபது வயது வரை எழுதப் படிக்கத் தெரியாமல் மலையில் கிடந்து, ராணுவத்தில் சேர்ந்து இத்தாலியன் கற்று, கடைசியில் மொழியியலில் பட்டம் வாங்கியவர். இத்தாலியத் தொலைக்காட்சியான ராய் நிறுவனத்துக்காக 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படம்.

தொடக்கக் காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் ஒருவர் நின்று மரக்கிளை ஒன்றின் இலைகளைச் சீவிக்கொண்டிருக்கிறார். அவர் நிஜமான கவினோ லெத்தா. பக்கத்தில் அப்பா வேடம் போட்ட நடிகர் ஒமெரோ அந்தொனுத்தி. ‘என் அப்பா இதையும் கையில் வைத்திருப்பார்’ என்று சொல்லிக் கழியை நடிகரிடம் நீட்டுகிறார் லெத்தா. நடிகர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அந்த நொடியிலிருந்து அவர் நடிகர் இல்லை, அப்பன். கழியோடு வகுப்புக்குள் நுழைந்து மகனைக் கேட்கிறார். பையன் பயத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். அப்பன் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனதும் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்பன் திரும்பி வந்து கழியால் மேசையில் அடித்து, இன்றைக்கு இவன் முறை, நாளைக்கு உங்கள் முறை என்கிறான். சிரிப்பு நின்றுபோகிறது. அடுத்து கேமரா ஒவ்வொரு பிள்ளையின் முகமாகப் போக, அவரவர் மனசுக்குள் ஓடுவது நமக்குக் கேட்கிறது.

இப்படி மனசுக்குள் ஓடுவதைக் கேட்கவைப்பது படம் முழுக்க வருகிறது. பால் கறக்கும்போது ஆடு என்ன நினைக்கிறது என்றுகூடக் கேட்கிறது! மலையில் தனியாக இருக்கும் கவினோவுக்குத் தூரத்திலிருந்து அக்கார்டியன் சத்தம் வருகிறது. வழிப்போக்கர் இருவர் ஒரு வால்ட்ஸ் வாசித்துக்கொண்டு நடந்து போகிறார்கள். ஆனால் நமக்குக் கேட்பது ஒற்றை அக்கார்டியன் அல்ல, முழு ஆர்க்கெஸ்ட்ரா. வெளியுலகம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு அந்த இசை வழியாகத்தான் தெரியவருகிறது. ஆட்டுக்குட்டிகளைக் கொடுத்துப் பழைய அக்கார்டியனை வாங்கிவிடுகிறான். ராணுவத்தில் அவனுக்குப் பாடம் சொல்லித்தரும் நண்பனாகச் சின்ன வேடத்தில் வருபவர் நன்னி மொரெத்தி. பின்னால் அவரும் பெரிய இயக்குநர் ஆனார்.

அந்த வருடக் கான் விழாவின் நடுவர் குழுத் தலைவர் ரொபெர்த்தோ ரொசெலினி. தொலைக்காட்சிக்காக எடுத்த படத்துக்குப் பெரிய விருதா என்று முணுமுணுப்பு இருந்தும் அவர் விடவில்லை. ‘பாத்ரே பத்ரோனே’வுக்கு விழாவின் முதல் பரிசான தங்கப்பனை கிடைத்தது. பன்னாட்டு விமர்சகர் கூட்டமைப்பின் விருதும் சேர்ந்தே கிடைத்தது. இரண்டையும் ஒரே படம் வாங்கியது அதுவே முதல் முறை. பீஸாவில் ‘பைஸா’ பார்த்துவிட்டு வெளியே வந்த இரண்டு பையன்களுக்கு, முப்பது வருடம் கழித்து அதே படத்தை எடுத்தவர் கையால் பரிசு. விழா முடிந்து ஒரு வாரம்போல ஆனதும், ஜூன் 3ஆம் தேதி, ரொசெலினி இறந்துபோனார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

அப்புறம் 1982. ‘லா நோத்தே தி சான் லொரென்ஸோ’, அதாவது சான் லொரென்ஸோ இரவு. ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவில் எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்து மனசில் எதையாவது வேண்டிக்கொள்வது இத்தாலியர் வழக்கம். அப்படி ஓர் இரவில் ஒரு தாய், தூங்கும் தன் குழந்தைக்குத் தனக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறாள். ஊரின் பெயரைச் சான் மார்த்தீனோ என்று மாற்றியிருக்கிறார்கள், ஆனால் அது அவர்களுடைய ஊரேதான். பேராலயத்துக்குள் போனால் பத்திரம் என்கிறது ஒரு கூட்டம். ஜெர்மானியரை நம்பாதே, அமெரிக்கர்களைத் தேடிப் போவோம் என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தோடு இருளில் நாமும் நடக்கிறோம். தூரத்தில் தங்கள் வீடுகள் வெடிக்கும் சத்தத்தைத் தரையில் கிடந்தபடி கேட்கிறார்கள். யார் வீடு போனது என்று காதுதான் சொல்ல வேண்டும்.

கோதுமை வயல் காட்சி இந்தப் படத்தின் உயிர். விளைந்து நிற்கும் வயலில் பார்ட்டிசான்கள் என்ற பாசிச எதிர்ப்புப் போராளிகளும் கருஞ்சட்டைப் பாசிஸ்டுகளும் மோதுகிறார்கள். எல்லாரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித்தான் திட்டிக்கொள்கிறார்கள். கதிர் ஆள் உயரம். இரண்டடி தள்ளி இருப்பவன் நண்பனா எதிரியா என்று தெரியாது. அப்பனும் பதினைந்து வயது மகனும் பாசிஸ்டுகளாகச் சண்டை போட வந்திருக்கிறார்கள். மகனை அப்பன் கண்ணெதிரிலேயே சுட்டுவிடுகிறார்கள். அவன் மண்ணில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டுவிட்டுத் தன்னையே சுட்டுக்கொள்கிறான். அவன் எந்தப் பக்கம் என்பது அந்த நேரத்தில் நமக்கு மறந்துபோகிறது. இதற்கெல்லாம் நடுவில் ஆறு வயதுச் சிறுமி, பயம் போக அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முந்தைய இரவு கிழவர் ஒருவரிடம் கிரேக்கக் கவி ஹோமரின் போர்க்காவியத்தைக் கேட்டவள் அவள். சட்டென்று அவள் கண்ணுக்குப் பார்ட்டிசான்கள் வெண்கலக் கவசம் போட்ட கிரேக்க வீரர்களாகத் தெரிகிறார்கள். ஒரு பாசிஸ்டின் உடலில் நாலாபக்கமிருந்தும் ஈட்டிகள் பாய்கின்றன. எழுத்தில் படித்தால் விளையாட்டுத்தனமாக இருக்கலாம். திரையில் பார்க்கும்போது மூச்சு நின்றுவிடுகிறது. படத்துக்குக் கான் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. இசை நிக்கோலா பியோவானி.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பேராலயத்தில் வெடித்தது ஜெர்மானியர் செய்த கொலை என்றே பல காலம் ஊர் நம்பியது. அவர்களுடைய ஆவணப்படமும் அந்த நம்பிக்கையில் வந்ததுதான். 2000களில் நகராட்சி அமைத்த குழு ஆராய்ந்து, அது அமெரிக்கப் பீரங்கிக் குண்டு என்று முடிவு சொன்னது. படம் இதனால் பொய்யாகிவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு வயதுப் பெண்ணின் ஞாபகம் என்றுதான் படமே தொடங்குகிறது. நடந்தது இப்படித்தானா என்ற சந்தேகத்தை அது தன்னோடேயே வைத்திருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஞாபகப்படுத்திக்கொள்ளும்போது இந்தச் சந்தேகம் தானாக வரும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் கூடப்பிறந்தவர்களிடம் ஒரு பழைய சம்பவத்தைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள்.

1984இல் எழுத்தாளர் பிராந்தெல்லோவின் சிசிலிக் கதைகளை வைத்து ‘காவோஸ்’. கழுத்தில் மணி கட்டிய காகம் ஒன்று சிசிலிமேல் பறந்து கதைக்குக் கதை நம்மைக் கூட்டிப் போகிறது. முடிவில், வெள்ளைவெளேர் என்ற நுரைக்கல் சரிவில் பிள்ளைகள் நீலக்கடலுக்குள் சறுக்கி இறங்கும் காட்சி, பார்த்தவர்கள் யாருக்கும் மறக்காது. 1986இல் வெனிஸ் விழா வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது.

மறுவருடம் வந்த ‘குட்மார்னிங் பாபிலோனியா’ அவர்களின் உச்சப் படைப்பு இல்லை, ஆங்கில வசனங்கள் கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும். ஆனால் உங்கள் கேள்விக்கு அவர்களே சொன்ன பதில் அந்தப் படம்தான். தொஸ்கானாவில் தேவாலயங்களைச் செப்பனிடும் கொத்தனார் குடும்பத்து அண்ணன் தம்பி இருவர் அமெரிக்கா போகிறார்கள். அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் 1916இல் வெளியிட்ட ‘இன்டாலரன்ஸ்’ படத்தின் பாபிலோன் செட்டுக்கு யானைச் சிலைகள் செய்கிறார்கள். எப்போதும் எல்லாவற்றிலும் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். ஒருவன் மனைவி பிரசவத்தில் சாகும்போது அந்தச் சமம் உடைகிறது. அண்ணன் தம்பி பேச்சே நின்றுவிடுகிறது. கடைசியில் முதல் உலகப் போரில் இரண்டு வேறு ராணுவங்களில் இருந்து, ஒரு பழைய தேவாலயத்தின் அடியில் அடிபட்டுக் கிடக்கும்போது சந்திக்கிறார்கள். பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஒருவரை ஒருவர் கேமராவில் படம் பிடித்தபடியே சாகிறார்கள். அவர்களுடைய பயத்தை அவர்களே எழுதிவைத்த மாதிரி இருக்கும்.

1990களிலும் அதன் பிறகும் எடுத்தவற்றைப் பற்றி நீட்டப் போவதில்லை. தோல்ஸ்தோய், கெதே, தொலைக்காட்சித் தொடர்கள், ஆர்மீனியப் படுகொலையைப் பற்றிய 2007 படம் எனப் போகிறது. நல்ல காட்சிகள் உண்டு, பழைய வேகம் இல்லை. இனி அவ்வளவுதான் என்று பலர் நினைத்திருந்தபோது 2012இல் ‘சேசரே தேவே மொரீரே’ வந்தது: சீசர் சாக வேண்டும். ரோமின் ரெபிப்பியா சிறையில் கடுங்காவல் பிரிவுக் கைதிகள் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தை ஒத்திகை பார்க்கிறார்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, ஒன்றேகால் மணி நேரப் படம். நடிகர் தேர்வு நடப்பதே ஒரு காட்சி: உன் பெயர், ஊர், அப்பா பெயர் சொல்லு, முதலில் மனைவியைப் பிரிந்து அழுதுகொண்டே சொல்லு, பிறகு அதையே கோபமாகச் சொல்லு. ஒவ்வொருவரும் அவரவர் வட்டாரப் பேச்சில் வசனம் பேச, ரோமானியப் பிரபுக்கள் நேப்பிள்ஸ் தெருக்காரர்களாகவும் சிசிலிக்காரர்களாகவும் மாறிவிடுகிறார்கள். புரூட்டஸாக நடித்த சல்வத்தோரே ஸ்த்ரியானோ முன்பே விடுதலையாகி நடிகராகிவிட்டவர், படத்துக்காகச் சிறைக்குத் திரும்பி வந்தார். நாடகம் முடிந்து செல்லுக்குத் திரும்பும் காசியஸ், கலையைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்துதான் இந்த அறை எனக்குச் சிறையாயிற்று என்கிறார். பெர்லின் விழாவின் முதல் பரிசான தங்கக் கரடியை வாங்கியபோது அண்ணனுக்கு 82, தம்பிக்கு 80.

மற்ற ஜோடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனெத்தி சகோதரர்கள் ரோம்காரர்கள். துப்பறியும் கதை, திகில், காமிக்ஸ் என்று ஜனரஞ்சகமான பக்கம் நிற்பவர்கள். 2006இல் தொடங்கிய ‘இன்ஸ்பெக்டர் கொலியாந்த்ரோ’ தொடரால் வீட்டுக்கு வீடு தெரிந்தார்கள். நேப்பிள்ஸ் ரவுடிகள் பாட்டுப் பாடும் ‘அம்மோரே எ மலவீத்தா’ சிறந்த இத்தாலியப் படத்துக்கான தவீத் தி தொனத்தெல்லோ விருதை வாங்கியது. ஃப்ராஸி சகோதரர்களின் ‘செர்த்தி பம்பீனி’ நேப்பிள்ஸ் குற்ற உலகில் சிக்கும் சிறுவனின் கதை, 2004இல் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்றது. தெ செரியோ சகோதரர்கள் ஆவணப்படத்திலிருந்து வந்தவர்கள். தின்னோசென்ஸோ இரட்டையர்கள் 1988இல் பிறந்தவர்கள், சினிமாப் பள்ளிக்கே போகாதவர்கள், ரோமின் புறநகர்ப் பையன்கள். 2020இல் ‘ஃபவோலாச்சே’ திரைக்கதைக்குப் பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கினார்கள். புறநகர் வீடுகளுக்குள் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்று காட்டும் அந்தப் படத்தைப் பார்க்கத் தைரியம் வேண்டும். இன்றைய இளைஞர்களில் நான் விடாமல் பின்தொடர்வது இவர்களைத்தான்.

எங்கே தொடங்குவது என்றால், ‘சான் லொரென்ஸோ இரவு’, அடுத்து ‘பாத்ரே பத்ரோனே’, அடுத்து ‘சீசர் சாக வேண்டும்’. பிடித்திருந்தால் ‘காவோஸ்’.

அதற்குப் பின் கடைசியாக ஒன்று பார்க்க வேண்டும். 2017இல் ‘உன குவெஸ்தியோனே ப்ரிவாத்தா’வை இருவரும் சேர்ந்து எழுதினார்கள், ஆனால் வித்தோரியோ உடல்நலமின்றி இருந்ததால் செட்டுக்குப் போனது பாவ்லோ மட்டும். 2018 ஏப்ரலில் வித்தோரியோ இறந்தார். தொண்ணூறு வயதில் பாவ்லோ தனியாக ‘லெயொனோரா அத்தியோ’ எடுத்து 2022இல் பெர்லினுக்குக் கொண்டுவந்தார். ரோமில் கிடந்த பிராந்தெல்லோவின் சாம்பலைச் சிசிலிக்குக் கொண்டுபோகும் கதை. விமானத்தில் ஏற்றினால், பிணத்தோடு பறக்க மாட்டோம் என்று பயணிகள் இறங்கிவிடுகிறார்கள். ரயிலில் ஏற்றினால், அந்தப் பெட்டியையே மேசையாக்கி நாலு பேர் சீட்டாடுகிறார்கள். பாவ்லோ 2024 பிப்ரவரி 29ஆம் தேதி காலமானார். இத்தனை படங்களில் ‘இயக்கம்: பாவ்லோ, வித்தோரியோ தாவியானி’ என்று சேர்ந்தே வந்த பெயர்கள் அந்தக் கடைசிப் படத்தில் பிரிந்து வருகின்றன. இயக்கம் என்ற இடத்தில் தம்பி பெயர் மட்டும், சமர்ப்பணத்தில் அண்ணன் பெயர்.